நாலு புள்ளி ஒன்று வோல்ட்டுக்காரர்

கடைக்குப் போனால் வாங்கிவிடக்கூடிய ஒரு பொருளை வீட்டில் உட்கார்ந்து தானே செய்து, அது வேலை செய்வதை ஊரைக் கூட்டிக் காட்டி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, பிறகு அது உண்மையிலேயே வேலை செய்யவேண்டிய நாளில் வாயடைத்துப் போனால் அதற்கும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருக்கும் மனிதரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். சந்தித்ததில்லையா? அப்படியானால் நீங்கள் அக்கம்பக்கத்தில் அதிகம் பழகுகிறவர் இல்லை. தெருவுக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. எங்கள் திருவனந்தபுரத்தில் தெருவுக்கு இரண்டு பேர். ராக்கெட் விடுகிற ஊர் என்று பெயர் வாங்கிவிட்டதால், ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்று தெரிந்த எல்லோருக்குமே இங்கே தாங்களும் அரை விஞ்ஞானி என்கிற நினைப்பு உண்டு.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் நாலு புள்ளி ஒன்று வோல்ட்டுக்காரர். லித்தியம் பாட்டரி ஒன்றை முழுக்க சார்ஜ் செய்து, மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளையும் அதன்மேல் வைத்தால், நாலு வோல்ட்டும் கொஞ்சமும் காட்டும். இவர் வைத்தால் எப்போதும் நாலு புள்ளி ஒன்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் இவர் முகத்தில் தோன்றுகிற நிம்மதி இருக்கிறதே, பெண்ணுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்த தகப்பன் முகத்தில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் பயனில்லை. வீட்டில் புகை வருகிறது என்று சொல்லுங்கள். "நாலு புள்ளி ஒண்ணு இருக்கே" என்பார்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப்பையில் பேனா இருக்காது, மல்டிமீட்டர் இருக்கும். சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பில் தீய்ந்த தழும்பு ஒன்று இருக்கும். அது ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் ஓய்வெடுத்த இடம். விருந்தாளி வந்தால் மனைவி அதன்மேல் ஊறுகாய்ப் பாட்டிலை வைத்து மறைப்பார். அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதைத் திறந்து ஏமாந்த குழந்தைகள் பலர். உள்ளே வயர் துண்டுகள், எதிலிருந்து கழன்றவை என்று யாருக்கும் நினைவில்லாத திருகாணிகள், செத்துப்போன லாப்டாப்பின் வயிற்றைக் கிழித்து எடுத்த ஆறு பாட்டரிகள். "ஆறுல ரெண்டுக்கு இப்பவும் உயிரிருக்கு" என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

இவருக்கென்று ஒரு வாசகம் உண்டு. "அதுல என்ன இருக்கு?" இதைக் கேட்டதும் நீங்கள் உஷாராகிவிட வேண்டும். கதவுமணியா, அதுல என்ன இருக்கு? கேமராவா, அதுல என்ன இருக்கு? நாளைக்கு மருத்துவர் இவருக்கு இருதயத்தில் ஒரு கருவி வைக்கவேண்டும் என்று சொன்னாலும், படுத்தபடியே இதைத்தான் கேட்பார்.

செய்தது கெட்டுப்போனால்? அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நெட்வொர்க். அடுத்தது சிம். அதற்கடுத்தது மழை, பக்கத்து வீட்டுப் பலாமரம், உள்ளே புகுந்த பல்லி, சீனாக்காரன். வரிசையின் கடைசி வரைக்கும் தேடிப் பாருங்கள், அதில் இவர் பெயர் இருக்காது. நோய்க்கு மருந்தும் ஒன்றே ஒன்றுதான்: புரோகிராமில் இன்னும் ஒரு வரி எழுதுவார். வயரைத் தொடமாட்டார். வயர் என்பது எலெக்ட்ரீஷியன் பார்க்கிற விஷயம், இவர் சிந்தனையாளர்.

எனக்குத் தெரிந்த நாலு புள்ளி ஒன்றுக்காரரின் பெயர் பகவதிப்பெருமாள். நாஞ்சில்நாட்டுக்காரர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு, அதில் சரஸ்வதியம்மாள் என்கிற அம்மாள் இருக்கிறார். மாடித் தொட்டி நிறைந்தால் மணியடிக்கும் கருவி ஒன்றைப் பகவதிப்பெருமாள் முன்பு செய்திருந்தார். தொட்டி நிறைந்து, வழிந்து, சரஸ்வதியம்மாள் வெயிலில் காயப்போட்ட வடகம் மிதக்க ஆரம்பித்தபோது, மணிக்குப் பதிலாக அந்த அம்மாளின் குரல்தான் அடித்தது. நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு உடம்பு சரியில்லையென்றாலும் முதலில் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருகிறவர் அவர்தான். இந்த இனத்தில் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தொந்தரவே.

அவர் மனைவி கிருஷ்ணவேணிக்கு ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடை. அப்பா காலமான பிறகு ஐந்து வருஷமாக அவரே நடத்துகிறார். வெல்லம், கருப்பட்டி, சுக்கு, புளி. கடைக்குப் பின்னால் நாலு படி இறங்கினால் கிடங்கு. பழைய காலத்துக் கனத்த கல்சுவர். அங்கே நின்று போன் பேசினால் உங்கள் குரல் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். பெரிய மழை பெய்தால் சாக்கடையிலிருந்து தண்ணீர் எதிர்த்துக்கொண்டு உள்ளே வரும். அதற்கு அந்தக் கடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டின் பெயர் பிச்சைக்கனி. கடையின் மூத்த ஆள், அட்டக்குளங்கரையில் வீடு, நடந்தால் பத்து நிமிஷம். மழை வலுத்தால் நாளென்றும் கிழமையென்றும் பார்க்காமல் குடையோடு வந்து, சாக்கடை வாயில் சாக்கைத் திணித்து, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் போவார். இருபது வருஷமாக ஒரு மூட்டை நனைந்ததில்லை.

நன்றாக நடந்துகொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்தால் நாலு புள்ளி ஒன்றுக்காரருக்குக் கை சும்மா இருக்குமா?

ஓணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கிடங்கில் வெல்ல மூட்டைகள் நாலு வரிசை உயரத்துக்கு. (எங்கள் ஊரில் வெல்லத்தைச் சர்க்கரை என்றுதான் சொல்வோம்.) வித்துராவில் ஷாஜிதா என்கிற பெண்ணும் அவர் கூட்டாளிகளும் ஓணத்துக்குச் சர்க்கரைவரட்டி போடுகிறார்கள், வறுத்த நேந்திரங்காயை வெல்லப்பாகில் புரட்டி எடுக்கிற பண்டம், அது இல்லாமல் இங்கே ஓணத்துக்கு இலை போடமாட்டார்கள். வெல்லம் முழுக்கக் கிருஷ்ணவேணியிடம்தான் சொல்லியிருந்தார்கள். அப்பா காலத்தில் கைவிட்டுப் போயிருந்த வாடிக்கை அது. கிருஷ்ணவேணி இரண்டு வருஷம் நடையாய் நடந்து திரும்பப் பிடித்திருந்தார்.

"ஒரு மூட்டை நனைஞ்சாலும் நாளைக்கு வேற கடைக்குப் போயிருவாங்க" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக்கூடாது.

"வெள்ளம் வந்தா போன் போடுத ஒரு சாதனம் வச்சுத் தாறேன்" என்றார் பகவதிப்பெருமாள்.

"வேண்டாங்க. கனி அண்ணாச்சி இருக்காரு."

"அதுல என்ன இருக்கு வேணி? ஒரு பாட்டரி, ஒரு போர்டு, ஒரு சிம்."

அவர் சொன்னது பொய்யில்லை. மைக்ரோகண்ட்ரோலர் என்கிற கட்டைவிரல் அளவு போர்டு ஒன்று, தண்ணீர் வந்துவிட்டதா என்று இரண்டு கம்பிகளின் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். வந்துவிட்டால், சிம் போட்ட செல்லுலார் மாட்யூல் ஒன்றை அது எழுப்பும். மாட்யூல் பகவதிப்பெருமாளுக்கும் கிருஷ்ணவேணிக்கும் பிச்சைக்கனிக்கும் போன் போடும். ஒன்று மூளை, ஒன்று வாய். இரண்டுக்கும் சோறு போடுவது, பிஸ்கட் டின்னிலிருந்து வந்த, இப்பவும் உயிரிருக்கிற அந்த லித்தியம் பாட்டரி.

வெள்ளோட்டம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் போயிருந்தேன். பிச்சைக்கனியை வரச்சொல்லியிருந்தார்கள். ஊறுகாய்ப் பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை நடுவில் வைத்தார் பகவதிப்பெருமாள். இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மாட்யூலின் சின்ன விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது, அதை அவர் ஒரு நாடி பார்க்கிற வைத்தியர்போலக் கவனித்து, "டவரைத் தேடுது... தேடுது... பிடிச்சிட்டு!" என்றார். மூன்று போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. நான் கைதட்டினேன். ஏன் தட்டினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

"கனி அண்ணாச்சி, இனி நீங்க மழையில ஓடி வரவேண்டாம். வெள்ளம் வந்தா கிடங்கே உங்களுக்குப் போன் போடும்."

"கிடங்கா சார்?"

"கிடங்கேதான்."

பிச்சைக்கனி கொஞ்சம் யோசித்தார். "நான் எடுத்து என்ன சார் சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லவேண்டாம். மணி அடிக்கும், அவ்வளவுதான். அடிச்சா வெள்ளம் வந்துட்டுன்னு அர்த்தம். அடிக்கலைன்னா வரல்லைன்னு அர்த்தம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். அங்கே இருந்த நாலு பேரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை, கேட்டுவிட்டுத் தலையாட்டினோம்.

அன்றைக்கே கடையில் வயரை இழுத்துவிட்டு, பகவதிப்பெருமாள் அடுத்த நாள் பழவங்காடிப் பக்கம் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பற்றவைக்கிற ஈயம் வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். கடையை நடத்துகிறவர் ஷெமி; பாறசாலைக்காரப் பெண்; தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே பாஷைதான். பகவதிப்பெருமாள் பெருமையோடு விவரத்தைச் சொன்னார். பாட்டரி நனைந்துவிடக்கூடாது என்று அதை மேலே கடையில் சாமி படத்துப் பலகையில் வைத்திருப்பதையும், அங்கிருந்து கீழே கிடங்கு வரைக்கும் பழைய ஹெட்போன்கள் இரண்டின் வயரை முறுக்கிச் சேர்த்துக் கொண்டுபோயிருப்பதையும் சொன்னார்.

ஷெமி கையிலிருந்த வேலையை நிறுத்தினார். "சாரே, கிடங்குல சிக்னல் உண்டோ?"

"குறைவுதான்."

"அப்போ ஹெட்போன் வயர் போராது சாரே. சிக்னல் இல்லாத்த இடத்துல இது டவருக்குக் கேக்கணும்னு உரக்கக் கத்தும். கத்துற நேரத்துல ஒரேயடியா ரெண்டு ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு தூரம், அவ்வளவு நேர்த்த, நூல்போல வயர்... வோல்ட் சட்டுன்னு கீழ போயிடும், போர்டு மயங்கி விழும், பின்ன முதல்லேருந்து தொடங்கும். தடிச்ச வயர் எடுங்கோ. மாட்யூலுக்குப் பக்கத்துல பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணு இடணும், கேட்டோ. அது கொஞ்சம் கரண்ட சேத்து வச்சிட்டு, வேணும்போ சட்டுன்னு கொடுக்கும்."

பகவதிப்பெருமாள் சிரித்தார். எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. "எம்மா, அந்த முனையில நானே அளந்து பாத்தேன். நாலு புள்ளி ஒண்ணு இருக்கு."

"அது சும்மா இருக்கும்போ அளந்ததல்லே சாரே? போன் போடும்போ அளந்தோ?"

உங்கள் வீட்டு மாடிக்குழாயைத் திறக்காதவரைக்கும் குழாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது. திறந்து வாளியை வைத்தால்தான் வருகிற அழகு தெரிகிறது. ஷெமி கேட்டது அவ்வளவுதான். இதற்குப் பதில் "அளக்கவில்லை" என்பது. ஒரே சொல். ஆனால் பகவதிப்பெருமாள், தான் டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்திலிருந்தே இதையெல்லாம் பார்த்துவருவதாகச் சொல்லி, ஈயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். "அந்தப் பிள்ளைக்குச் சரக்கு விக்கணும், அதான் கெப்பாசிட்டர் கெப்பாசிட்டர்னு சொல்லுது" என்றார் என்னிடம்.

கிடங்கில் வைத்தபோதும் சோதனை நடந்தது. நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கீழே வைத்துத் தண்ணீரைக் காட்டினார். விளக்கு மினுங்கியது. போன் வரவில்லை. "டவர் கொஞ்சம் வீக்" என்று கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நாலாவது படியில் நின்று, பாட்டரியைப் பக்கத்திலேயே கொண்டுவரச் சொல்லி நேராக மாட்டி, தெருவைப் பார்த்தபடி கையை நீட்டிப் பிடித்தார். போன் அடித்தது. "கண்டேளா!" என்றார். பிறகு அதைத் திரும்பக் கீழே கொண்டுபோய், வயரை மாட்டி, சோப்பு டப்பாவுக்குள் வைத்து, யாரும் திறந்துவிடாதபடி பசைபோட்டு ஒட்டிவிட்டார். வேலை செய்கிற இடத்தில் சோதித்துப் பார்த்து, வேலை செய்யாத இடத்தில் ஒட்டிவைக்க உங்களுக்கும் எனக்கும் தோன்றாது. அதற்கென்று படித்திருக்க வேண்டும்.

ஓணத்துக்கு முந்தின வாரம், ஆவணி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில் பகவதிப்பெருமாளின் மாமா மகன் உமாசங்கருக்குக் கல்யாணம். காலை ரயிலில் போனோம். மறுநாள் திங்கட்கிழமை வித்துராவிலிருந்து வெல்லத்துக்கு வண்டி வரவேண்டும். ஏறும்போதே வானம் கருத்திருந்தது. பதினொரு மணிக்குத் தாலிகட்டி முடிந்தபோது, கிருஷ்ணவேணியின் போனுக்கு யாரோ ஒரு படம் அனுப்பினார்கள்: கடைக்குப் பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் ஆட்டோவின் பாதிச் சக்கரத்துக்குத் தண்ணீர்.

"இஞ்சேருங்க, போன் வந்துச்சா?"

"வரல்லியே. வரல்லைன்னா வெள்ளம் இல்ல."

அரைமணி கழித்து மறுபடியும் கேட்டார். "நிச்சயமாத் தெரியுமா? நான் கனி அண்ணாச்சிய ஒரு எட்டு போய்ப் பாக்கச் சொல்லட்டா?"

"எதுக்கு? ஒரு ஞாயித்துக்கிழமையாவது அந்த மனுஷன் வீட்டுல நிம்மதியா உக்காந்து சோறு தின்னட்டும். அது ரோட்டுல உள்ள தண்ணி. கிடங்குல வந்தா கிடங்கு சொல்லும்."

பாருங்கள், மனிதாபிமானம்! பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அவர். எதிர் வரிசையிலிருந்து கிருஷ்ணவேணி மூன்றாவது முறையாகக் கேட்டார். இந்த முறை வாயால் கேட்கவில்லை, போனைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். பகவதிப்பெருமாள் தன் போனை இலைக்குப் பக்கத்தில் திருப்பிவைத்து, அமைதியாக இருக்கிற அதன் முகத்தைக் காட்டி, கையால் ஒரு அபயம் கொடுத்தார். கிருஷ்ணவேணி என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அப்போது பாயசமாக அடைப்பிரதமன் வந்துகொண்டிருந்தது. வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, அன்றைக்குப் பிரமாதமாக அமைந்திருந்தது. இரண்டாவது கரண்டி நானே கேட்டு வாங்கினேன்.

திரும்பி வந்து, சாயங்காலம் நாலரைக்குக் கடை ஷட்டரைத் தூக்கியபோது முதலில் வந்தது வாசனை. இனிப்பு வாசனை. வாசல் வெளிச்சத்தில் படிகளைப் பார்த்தோம். நாலு படியில் இரண்டைக் காணவில்லை. மூன்றாவதின்மேல் பழுப்புநிறத் தண்ணீர் நுரையோடு அசைந்தது. பலகைமேல் அடுக்கிய மூட்டைகளில் கீழ் இரண்டு வரிசை சப்பையாகிவிட்டிருந்தது. சாக்கு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு மேலே சுவரில் சோப்பு டப்பா. அதற்குள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணவேணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். இறங்குவதற்கு முன்பே பிச்சைக்கனிக்குப் போன் போட்டிருந்தார். பத்து நிமிஷத்தில், செருப்புக்கூடப் போடாமல் வந்தார் அவர். வந்ததும் தண்ணீரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைத்தான் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே அம்மா. குளிக்கப் போம்போதும் சோப்புக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தேன். மழையப் பாத்தேன், போவோமான்னு நெனச்சேன்... சார் சொன்னாங்களேன்னு இருந்துட்டேன்."

தப்பு அவருடையதுபோலச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் படியில் இறங்கினேன். அடைப்பிரதமனை இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிய ஆள் நான்.

பிச்சைக்கனி சாக்கடை வாயை அடைத்தார், மோட்டாரைப் போட்டார். நானும் அவரும் கிருஷ்ணவேணியும் மேல்வரிசை மூட்டைகளைப் படிக்கு மேலே ஏற்ற ஆரம்பித்தோம். பகவதிப்பெருமாள் எங்கே? சோப்பு டப்பாவைப் பெயர்த்து எடுத்து, கடையிலிருந்த லாப்டாப்பில் மாட்டி, மேலே உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை போன் போட முயலும்போதும் ஒரு எண்ணைக் கூட்டிவைக்கும்படி புரோகிராமில் எழுதியிருந்தாராம். திடீரென்று சத்தம் கேட்டது.

"வேணி! இங்க பாரு! இது சும்மா இருக்கல்ல! வெள்ளத்தைக் கண்டுபிடிச்சிருக்கு! ஆயிரத்து நூத்தி முப்பத்தேழு தடவ முயற்சி பண்ணியிருக்கு!"

அவர் கண்ணில் பெருமை. உண்மையான பெருமை. அந்தச் சின்ன போர்டு, தண்ணீரைப் பார்த்து, வாயைத் திறந்து, திறந்ததும் ஹெட்போன் வயரின் தயவால் மயங்கி விழுந்து, எழுந்து, அந்த எண்ணைத் தவிர எல்லாவற்றையும் மறந்து, மறுபடி தண்ணீரைப் பார்த்து, மறுபடி வாயைத் திறந்து, காலையிலிருந்து இதையே செய்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் இரக்கம் வந்தது. அவர்மேல் கோபம்தான் வந்தது.

கிருஷ்ணவேணி முழங்கால் தண்ணீரில் நின்று, கையில் காலிச் சாக்கோடு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் மூணே தடவதான் கேட்டேன்" என்றார்.

காலிச் சாக்கை உதறிப் படியில் போட்டார்.

"மூணு தடவ கேட்டேன். அதுல ஒரு தடவ 'தெரியல'ன்னு சொல்லியிருந்தா, அப்பவே நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டிருப்பேன்."

பகவதிப்பெருமாள் வாயைத் திறந்தார். ஏதோ வரப்போகிறது என்று நானும் மூட்டையை மேல்படியில் இறக்கிவைத்தேன். மூடினார். மறுபடி திறந்தார். "அது என்னன்னா வேணி... மழைன்னா நெட்வொர்க் கொஞ்சம்..."

கிருஷ்ணவேணி குனிந்து அடுத்த மூட்டையைப் பிடித்தார்.

அன்றைக்கு ஆறு மணிக்கு, ஈரச் சேலையோடு கடை வாசலில் உட்கார்ந்து, கிருஷ்ணவேணி வித்துராவுக்குப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். எப்படிச் சமாளிக்கப்போகிறார், மழையைச் சொல்வாரா, லாரியைச் சொல்வாரா என்று எனக்கு ஆவல். "ஷாஜிதா, கிடங்குல வெள்ளம் கேறி ரெண்டு வரிசை சர்க்கரை போச்சு. பாதி சரக்கு நாளைக்கு உண்டு. மீதிய எப்ப தரமுடியும்னு இப்ப எனக்குத் தெரியல. காலைல எட்டு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லுதேன்." அவ்வளவுதான். ஒரு காரணமும் இல்லை.  அந்தப் பக்கத்திலிருந்து, "சரி சேச்சி, உள்ளது எடுக்கட்டே. பாக்கி நாளை பறஞ்ஞால் மதி" என்று கேட்டது. உள்ளதை எடுத்துக்கொள்கிறோம், மீதியை நாளைக்குச் சொன்னால் போதுமாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் அதே தெருவில் ராஜபாய் கடையிலிருந்து சரக்குக்குச் சொல்லியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வித்துராவுக்கு வண்டி போனது. வாடிக்கை போகவில்லை.

பகவதிப்பெருமாள் புதன்கிழமை ஷெமியின் கடைக்குப் போனார். சந்தேகம் கேட்கவில்லையாம், கருவியை "சும்மா காட்ட" எடுத்துக்கொண்டு போனாராம். ஷெமி ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. "பாட்டரியும் மாட்யூலும் சேத்து மேல வச்சிட்டு, வெள்ளம் பாக்குற கம்பிய மாத்திரம் கீழ இறக்கினா போராதோ சாரே?" என்று கேட்டுவிட்டு, புதுப் பாட்டரி ஒன்றை எடுத்து, விரல்நீளத் தடித்த வயரில் மாட்டி, கெப்பாசிட்டரையும் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். இருபது நிமிஷம். அதற்குப் பிறகு இரண்டு முறை மழைத்தண்ணீர் வந்தது, இரண்டு முறையும் மூன்று போனும் ஒழுங்காக அடித்தன. அலுவலகத்தில் அனூப் என்கிற பையன், இப்போது எப்படி சார் வேலை செய்கிறது என்று கேட்டான். பகவதிப்பெருமாள் என் பக்கம் பார்க்காமல் பதில் சொன்னார்: "இப்ப நெட்வொர்க் சரியாயிட்டு."

பிச்சைக்கனி மழை வலுத்தால் இப்போதும் குடையோடு வருகிறார். போன் அடித்தாலும் வருகிறார், அடிக்காவிட்டாலும் வருகிறார். வரவேண்டாம் என்று கிருஷ்ணவேணி சொல்வதில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்ததைக் கவனித்தேன். உங்கள் மைத்துனரை நினைத்துச் சிரித்தீர்கள். அல்லது அலுவலகத்தில் அந்த இன்னொரு ஆளை. உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாட்டரியைக் கையால் தொட்டதில்லை, மல்டிமீட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை, ஹெட்போனில் பாட்டு மட்டும்தான் கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு விஷயம்.

ஒரு பக்கத்துக்கு முன்னால், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து உங்கள் வீட்டுக் குரல் ஒன்று, "அடுப்பை அணைச்சாச்சா?" என்று கேட்டது. நீங்கள் தலையைத் தூக்காமலேயே "ஆச்சு, ஆச்சு" என்றீர்கள்.

போய்ப் பார்த்தீர்களா?